குடும்ப வரலாறு யாருடைய அமானிதம்?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சில மாதங்களுக்கு முன்னால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். இன்னொருவர் அவருடைய காக்கா மகன், துபாயில் வேலை பார்ப்பவர். இருவரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஊர், உறவு, விவரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

அந்தப் பெரியவர் இருபது வருடங்களுக்கு மேலாகத் தங்கள் குடும்பத்தின் வம்சாவளியைச் சேகரித்து வந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போவார். மீஸான் கல்லில் படிந்த பாசியைத் துடைத்துப் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதிக்கொள்வார். பழைய நிக்காஹ் தஃப்தர்களைப் புரட்டுவார். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிப் படிப்பார். அவற்றில் பல அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. இன்று நம்மில் எத்தனை பேருக்கு அரபுத்தமிழ் படிக்கத் தெரியும்? நம் உம்மம்மாக்கள் சரளமாகப் படித்தார்கள். நாம் விட்டுவிட்டோம். அது தனிக் கவலை, இன்னொரு நாள் பேசுவோம். இப்படிச் சேர்த்தது ஒன்பது நோட்டுப் புத்தகங்கள்.

காக்கா மகன் லீவில் வந்தார். "படிச்சுட்டுத் தர்றேன் சாச்சா" என்று வாங்கிப் போனார். எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்து, இணையத்தில் குடும்ப மரம் போடும் ஒரு தளத்தில் அறுநூறு பெயர்களையும் ஏற்றினார். மேலே தன் பெயர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வந்தது. மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய உழைப்பு என்று எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். சாச்சாவின் பெயரை ஒருவரும் எழுதவில்லை.

அதோடு நிற்கவில்லை. அந்த மரத்தில் ஒரு பெண்மணியின் முதல் நிக்காஹும் அது தலாக்கில் முடிந்ததும் பதிவாகியிருந்தது. பல வருடங்களுக்கு முந்தைய விஷயம். அவருடைய இப்போதைய பிள்ளைகளுக்கே அது தெரியாது. செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பெரியவர் நோட்டுகளைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "என் மௌத்துக்குப் பிறகு எல்லாத்தையும் எரிச்சுடுங்க" என்று தம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். "ஹஜ்ரத், இருபது வருஷம் அலைஞ்சது நான்" என்றார் அவர். "ஹஜ்ரத், அது எங்க குடும்பத்து விஷயம்தானே, எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல?" என்றார் தம்பி.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரிடமும் தவறும் இருக்கிறது. இன்று இணையத்தில் வம்சாவளி தேடாத குடும்பம் குறைவு. ஆகவே இதை நம் எல்லோருடைய பிரச்சினையாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

நஸபைத் தெரிந்துகொள்வது மார்க்கத்தில் உள்ளதா?

உள்ளது. உறவைச் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவு உங்கள் வம்சாவளிகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. எதற்காகக் கற்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிட்டது. ஸிலத்துர் ரஹிம் எனும் உறவைப் பேணுவதற்காக. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், தன்னிடம் மிகவும் கண்ணியமானவர் மிகுந்த தக்வா உள்ளவரே என்றும் சூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆவது வசனத்தில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான்.

ஸஹாபாக்களில் இந்தக் கலையில் மிகவும் தேர்ந்தவர் ஸெய்யிதுனா அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள். குறைஷிகளுக்குக் கவிதையால் பதிலடி கொடுக்க ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) தயாரானபோது நபியவர்கள் அவரை அவசரப்பட விடவில்லை. குறைஷிகளில் தமது வம்சமும் கலந்திருக்கிறது, எனவே முதலில் அபூபக்கரிடம் போய் அதைத் தெளிவாகப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள செய்தி இது. ஒரு கவிதை சொல்வதற்கே சரிபார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு உதவித்தொகை கொடுக்க திவான் எனும் பதிவேடு உருவானது. அதற்காக வம்சாவளிகளை எழுத மூன்று பேரை நியமித்தார்கள். அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலியல்லாஹு அன்ஹும்). எழுதியவர்கள் கலீஃபாவின் குடும்பத்தை முன்னால் கொண்டுவந்தபோது உமர் அவர்கள் ஏற்கவில்லை. நபியவர்களின் உறவினர்களிலிருந்து தொடங்குங்கள், அல்லாஹ் வைத்த இடத்தில் உமரை வையுங்கள் என்ற பொருளில் சொல்லித் திருத்தினார்கள். ஆட்சியாளர் நினைத்திருந்தால் தம் பெயரை மேலே போட்டிருக்கலாம். நம் தம்பியோ தன் பெயரை மேலே போட்டார். சரி, அவர் கலீஃபாவும் அல்ல!

குடும்ப வரலாறு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களின் சம்பவம் போதும். அவர் திருமணம் முடித்த பிறகு ஒரு பெண்மணி வந்து, உனக்கும் உன் மனைவிக்கும் நானே பாலூட்டினேன் என்றார். உக்பாவுக்கு அது தெரியாது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபியவர்களிடம் கேட்டார். இப்படிச் சொல்லப்பட்ட பிறகு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். அவர் அந்த மனைவியைப் பிரிந்தார். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த செய்தி ஒரு நிக்காஹையே முடித்துவைத்தது.

வாரிசுரிமை, மஹ்ரம் யார் என்பது, வக்ஃப் அலல் அவ்லாத் எனும் குடும்ப வக்ஃபில் யாருக்குப் பங்கு என்பது, எல்லாம் இந்த அறிவின் மேல்தான் நிற்கின்றன. நம் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது நம்மவர்கள் காட்டு வழியாக நடந்தே புறப்பட்டார்கள். பலர் வழியிலேயே மௌத்தானார்கள். அந்த வீடுகளில் இன்றும் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது, கபுரு இல்லை. இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் பழைய கடிதத்தின் ஒரு வரி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெரியவர் செய்த வேலை சாதாரணமானதல்ல.

ஸுயூத்தி இமாம் கேட்ட கேள்வி

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். பாட்டனாரின் பெயர், பிறந்த வருடம், மௌத்தான வருடம், இவை யாருக்குச் சொந்தம்? யாருக்கும் தனிச் சொத்து அல்ல. சாச்சாவுக்கு அவர் பாட்டன் என்றால் தம்பிக்கு அவர் பூட்டன். மீஸான் கல்லில் எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம். நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் எழுதிய எழுத்துக்கும் எடுத்த படத்துக்கும் உரிமை தருகிறது, வெறும் தகவலுக்குத் தருவதில்லை. உழைத்துத் திரட்டினேன் என்பது மட்டும் போதாது, அதில் திறமையும் தேர்ந்தெடுக்கும் அறிவும் தெரிய வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு சட்டத் தீர்ப்பிதழ் வழக்கில் சொன்னது.

"அப்படியானால் நான் செய்தது சரிதானே ஹஜ்ரத்?" என்றார் தம்பி.

நான் அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னேன். எகிப்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு இமாம்கள். ஒருவர் ஹிஜ்ரி 911இல் வஃபாத்தான இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்). மற்றவர் 923இல் வஃபாத்தான இமாம் கஸ்தல்லானி (ரஹ்). புகாரிக்கு இர்ஷாதுஸ் ஸாரீ எனும் விரிவுரை எழுதியவர், நபியவர்களின் வரலாற்றில் அல்மவாஹிபுல் லதுன்னிய்யா எழுதியவர். நம் உலமாக்கள் அனைவரும் மதிக்கும் பெரியவர். கஸ்தல்லானி தம் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று ஸுயூத்தி இமாம் குறைப்பட்டார். விஷயம் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) அவர்கள் முன்னால் வந்தது.

அங்கே ஸுயூத்தி இமாம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இவர் பல இடங்களில் பைஹகீயிடமிருந்து எடுத்ததாக எழுதுகிறார். பைஹகீக்குப் பல நூல்கள் இருக்கின்றன. எந்த நூலில் பார்த்தார் என்று சொல்லட்டும் என்றார்கள். கஸ்தல்லானி இமாமால் சொல்ல முடியவில்லை. என் நூலில் பார்த்துத்தானே எடுத்தீர்கள், அப்படியானால் ஸுயூத்தி வழியாக பைஹகீயிடமிருந்து என்று எழுதியிருக்க வேண்டும் என்ற பொருளில் ஸுயூத்தி இமாம் சொன்னார்கள்.

கவனியுங்கள். பைஹகீயின் செய்தி ஸுயூத்தியின் சொத்து அல்ல. யாரும் அதைப் படிக்கலாம், எழுதலாம். ஆனால் பைஹகீயின் நூலை நீ திறந்து பார்த்தாயா, அல்லது திறந்து பார்த்தவரின் நூலைப் பார்த்தாயா? கேள்வி அதுதான்.

நம் தம்பி அந்தத் தளத்தில் ஆதாரம் என்ற இடத்தில் "மீஸான் கல்" என்று போட்டிருந்தார். "தம்பி, நீங்கள் அந்த மையவாடிக்குப் போனீர்களா?" என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத்." "கல்லைப் பார்த்தீர்களா?" "இல்லை." "பிறகு எப்படி மீஸான் கல் ஆதாரம் ஆகும்? சாச்சாவின் நோட்டுதானே உங்கள் ஆதாரம்?" தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பிள்ளை அவர். செய்தது திருட்டு என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றால் நிறைந்தவன் போலக் காட்டிக்கொள்பவன் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தியவன் போன்றவன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தாங்கள் செய்யாததற்காகப் புகழப்படுவதை விரும்புகிறவர்களைக் குறித்து ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 188ஆவது வசனம் கடுமையாகப் பேசுகிறது. சட்டம் விட்டுவிடலாம். மறுமையில் கேள்வி வேறு.

நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமை, அதில் அத்துமீறக் கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது. ஆகவே சாச்சா தம் கையால் எழுதிய குறிப்புகள், அவர் எடுத்த படங்கள், பெரியவர்களை உட்காரவைத்துப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஆகியவற்றை அவர் அனுமதியில்லாமல் எடுத்து வெளியிட வழியே இல்லை. "படிச்சுட்டுத் தர்றேன்" என்று வாங்கியது படிப்பதற்கான அமானிதம். வெளியிடுவதற்கு அல்ல.

பெயர் குறிப்பிடுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. நம் குடும்பங்களில் பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்போம். ஒரே வம்சத்தில் நான்கு முஹம்மது அலி இருப்பார்கள். யாரோ ஒருவர் இரண்டு முஹம்மது அலியை ஒன்றாக்கிவிடுவார். அதை நாற்பது பேர் நகலெடுத்துத் தங்கள் மரத்தில் போடுவார்கள். நாற்பத்தோராவது ஆள் பார்க்கும்போது நாற்பது சாட்சிகள் இருப்பது போலத் தெரியும். உண்மையில் சாட்சி ஒன்றுதான், அதுவும் தவறான சாட்சி. முஹத்திஸீன்கள் இதை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பிடித்தார்கள். எத்தனை வழிகளில் வந்தாலும் எல்லாம் ஒரே அறிவிப்பாளரிடம் போய் முடிந்தால் அதை ஒன்றாகவே எண்ணினார்கள். இஸ்னாத் இருந்தால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். இணையத்தில் சில தளங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே மரமாக இயங்குகின்றன. ஃபேமிலிசெர்ச் அப்படித்தான். மரித்தவர்கள் பற்றிய விவரத்தைப் பதிவு செய்துகொண்ட எவரும் அங்கே மாற்றலாம். இப்படிப்பட்ட இடத்தில் ஆதாரம் எழுதாமல் பெயர் போடுவது கிணற்றில் போடுவது போல.

பெரியவரிடம் சொன்னது

அடுத்து பெரியவரிடம் பேசினேன். அது கஷ்டமாக இருந்தது. காயப்பட்டவரிடம் போய் உங்களிடமும் ஒரு தவறு இருக்கிறது என்று சொல்வது எளிதல்ல.

"ஒன்பது நோட்டும் உங்களுடையதுதான்" என்றேன். "ஆனால் அந்த ரங்கூன் கடிதங்கள்?" பீரோவில் அவையும் இருந்தன. பல வீடுகளிலிருந்து பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தவை. சில பத்து வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தன. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் சூரத்துன் நிஸாவின் 58ஆவது வசனத்தில் கட்டளையிடுகிறான். "எரிச்சுடுங்க என்று நீங்கள் சொன்னதில் அந்தக் கடிதங்களும் சேர்ந்துதானே?" என்று கேட்டேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை.

கல்வியை மறைப்பவர் பற்றி வந்திருக்கும் கடுமையான ஹதீஸை நான் அவரிடம் ஓதவில்லை. அது மார்க்கக் கல்வியைப் பற்றியது. குடும்ப நோட்டுக்கு அப்படியே பொருத்துவது முறையல்ல என்பது என் கருத்து. ஆனால் உறவினர் ஒருவர் வாரிசுக் கணக்குக்காகவோ, நிக்காஹுக்கு முன் பால்குடி உறவு இருக்கிறதா என்று அறியவோ வந்து கேட்டால் அதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. நோட்டு அவருடையது, நோட்டுக்குள் இருக்கும் உறவு எல்லோருடையது.

உயிரோடு இருப்பவர்கள், மரித்தவர்களின் மறைவுகள்

இனி அந்தப் பெண்மணியின் விஷயம். சாச்சாவும் தம்பியும் யாருக்குச் சொந்தம் என்று மோதிக்கொண்டார்கள். அந்தத் தகவலின் உண்மையான சொந்தக்காரரிடம் இரண்டு பேரும் கேட்கவில்லை!

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு மனிதர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது தலை கோதிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்பது என்ற சட்டமே பார்வைக்காகத்தான் வந்தது என்ற பொருளில் கடுமையாகக் கண்டித்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போவது மட்டும் நுழைவது அல்ல, பார்ப்பதும் நுழைவதுதான். ஒருவருடைய தலாக்கையும் பிறந்த தேதியையும் செல்போன் எண்ணையும் உலகமே பார்க்கும் இடத்தில் வைப்பது அவர் வீட்டுச் சுவரில் துவாரம் போடுவது. அந்தப் பெண்மணியின் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பார்த்தார்கள். வங்கி மோசடிக்காரர்களுக்கும் பிறந்த தேதி, தாயின் பெயர் போன்றவைதான் முதலில் தேவைப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மைதானே எழுதினேன் என்று சிலர் கேட்பார்கள். கீபத் என்பதே உண்மையைச் சொல்வதுதான், பொய்யாக இருந்தால் அது அவதூறு. இந்தப் பாடம் சின்னப் பிள்ளைகளுக்கும் மதரஸாவில் நடத்தியிருக்கிறோம்.

மரித்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களால் பதில் சொல்ல முடியாது. மரித்தவர்களை ஏச வேண்டாம், அவர்கள் முற்படுத்தியதிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. ஒரு பழைய கடிதத்தில் பாட்டனார் கடனாளி, குடிகாரர் என்று வந்தால் அது சேகரித்தவரின் நெஞ்சோடு நிற்கட்டும். கடன் யாருக்காவது பாக்கி என்றால் அடைப்பது வேறு விஷயம். அது வாரிசுகள் பேச வேண்டியது, வாட்ஸ்அப்பில் போட வேண்டியது அல்ல.

ஸெய்யிதுனா அனஸ் (ரலி) சிறுவராக இருந்தபோது நபியவர்கள் ஒரு வேலையாக அவரை அனுப்பினார்கள். வீட்டுக்கு வரத் தாமதமானது. உம்மா உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். அது ரகசியம் என்றார் அனஸ். அப்படியானால் யாரிடமும் சொல்லாதே என்றார்கள் உம்மா. பல வருடங்கள் கழித்து தம் மாணவர் ஸாபித்திடம், யாரிடமாவது சொல்வதாக இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன் என்ற பொருளில் அனஸ் சொன்னார்கள். சொல்லவில்லை. நபியவர்களின் வாழ்க்கையை விட நுணுக்கமாகப் பதிவான வாழ்க்கை உலகில் உண்டா? அந்தப் பதிவிலேயே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஒரு சிறுவர் அமானிதம் காத்ததால் காலியாக இருக்கிறது. நம் குடும்ப மரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எதுவும் குறைந்துவிடாது.

ஆனால் மறைப்பது வேறு, பொய் எழுதுவது வேறு. இதில் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். தத்தெடுத்த பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக எழுதுகிறார்கள். ஸைத் (ரலி) அவர்களை முஹம்மதின் மகன் ஸைத் என்று மக்கள் அழைத்துவந்தார்கள். பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு சூரத்துல் அஹ்ஸாபின் 5ஆவது வசனம் இறங்கியதும் அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். பிள்ளையை வெளியிடாமல் விட்டுவிடலாம், வளர்த்தவர் என்று எழுதலாம். பெற்றவர் என்று எழுத முடியாது. அதே போல, அரபு நாட்டிலிருந்து வந்த வம்சம் என்று காட்ட நடுவில் மூன்று பெயர்களை ஒட்டவைப்பவர்களும் உண்டு. தன் தந்தை அல்லாதவரைத் தந்தை என்று தெரிந்தே உரிமை கோருபவருக்கு சுவர்க்கம் ஹராம் என்ற எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. ராவுத்தரோ மரைக்காயரோ லெப்பையோ, செயல் பின்தங்கியவரை வம்சம் முன்னே கொண்டுபோகாது என்றும் நபியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சில வீடுகளில் ஆண்களை மட்டும் எழுதிப் பெண்களின் பெயரை விட்டுவிடுகிறார்கள். கேட்டால் பேணுதல் என்கிறார்கள். மனிதர்களில் உங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) கேட்டபோது, நபியவர்கள் ஆயிஷா என்று பெயர் சொல்லியே பதில் தந்தார்கள். இமாம் ஸகாவீ (ரஹ்) தம் காலத்து மனிதர்களின் வரலாற்றை எழுதியபோது ஒரு முழுப் பாகத்தை ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு ஒதுக்கினார்கள். உம்மாவின் பெயர் இல்லாமல் மஹ்ரம் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? படம் போட வேண்டாம் என்று ஒரு பெண்மணி சொன்னால் போடாதீர்கள். பெயரை அழிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் சுருக்கமாக. ஒன்று, டிஎன்ஏ பரிசோதனை. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் முன்னோர்கள் யார் என்று சொல்வார்கள். உங்கள் டிஎன்ஏ உங்களுடையது மட்டும் அல்ல, உங்கள் சகோதரரின் ரகசியமும் அதில் இருக்கிறது. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியாயின. ஷரீஅத்படி உறுதியான நஸபைச் சரிபார்க்கும் நோக்கத்தில் மரபணுச் சோதனை செய்யக் கூடாது என்று மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2002 ஜனவரியில் தீர்மானித்திருக்கிறது. விளையாட்டாகச் செய்கிற காரியம் அல்ல அது.

இரண்டாவது, தளத்தை நடத்துவது யார் என்று பாருங்கள். ஃபேமிலிசெர்ச் மார்மன் கிறிஸ்தவ சபை நடத்துவது. மரித்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறுவது அவர்களின் நம்பிக்கை, வம்சாவளி சேகரிப்பில் அவர்கள் இவ்வளவு ஈடுபாடு காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். தங்கள் சொந்த முன்னோர்களுக்கே அதைச் செய்ய வேண்டும் என்பது அவர்களின் விதி. அதனால் நம் மையத்துகளுக்கு எந்தத் தீங்கும் இல்லை, ஈமானோடு போனவர்கள் ஈமானோடு போனவர்களே. அங்கே உள்ள பழைய பதிவுகளைப் பார்த்துப் பயனடைவதிலும் தடையில்லை. ஆனால் உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இதைத் தெரிந்தால் மனம் வருந்துவார்களா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

அந்தக் குடும்பம்

கஸ்தல்லானி இமாம் கதையின் மீதியை நான் இன்னும் சொல்லவில்லை. பின்னாளில் ஸுயூத்தி இமாமின் மனக்குறையைப் போக்க வேண்டும் என்று கெய்ரோவிலிருந்து அவர்கள் தங்கியிருந்த ரவ்ளா வரை கஸ்தல்லானி நடந்தே போனார்கள். கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்டதற்கு, நான் கஸ்தல்லானி, உங்கள் உள்ளம் என்னைப் பொருந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக வெறும் காலோடு வந்திருக்கிறேன் என்றார்கள். பொருந்திக்கொண்டேன் என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. இந்தச் செய்தியை அந்நூருஸ் ஸாஃபிர் நூலில் எழுதிவைத்தவர் குஜராத்தின் அஹமதாபாத்தில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்அய்தரூஸ் (ரஹ்).

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி சாச்சாவின் வீட்டுக்குப் போனார். அதற்கு முன்பே மரத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார். குடும்பக் குழுவில், இது என் உழைப்பல்ல, சாச்சாவின் இருபது வருட உழைப்பு, கேட்காமல் போட்டது என் தவறு என்று எழுதினார். அந்தப் பெண்மணியின் வீட்டுக்கும் தன் உம்மாவை அழைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார். அங்கே நடந்ததை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாச்சா வீட்டில் கதவு திறந்தது, டீயும் வந்தது. பீரோ இன்னும் திறக்கவில்லை. கடிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக உரிய வீடுகளில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் தம்பியை அழைத்து அரபுத்தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். யா அல்லாஹ், அவர்கள் இருவருக்கும் இடையே உள்ளதை நீ சீராக்குவாயாக! அந்தச் சகோதரியின் வீட்டில் நிம்மதியைத் தருவாயாக! வழியிலே மௌத்தாகிக் கபுரு தெரியாமல் போன எங்கள் முன்னோர்களுக்கு நீ ரஹ்மத் செய்வாயாக! ஆமீன்.

தொழுகைக்கு முன் ஓர் அறிவிப்பு. நம் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கும் பழைய நிக்காஹ் தஃப்தர்களைக் குடும்ப வரலாறு எழுத விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு செயலாளர் இருப்பார். தங்கள் குடும்பத்தின் பக்கங்களை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். செல்போனில் படம் எடுக்க அனுமதி இல்லை.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.